மரக்கன்றுகளுக்கு ஒரு புலி

எங்கள் மலையில் மிச்சமிருந்த கடைசிப் புலியை, ஆட்டுக்குடலுக்குள் பூச்சிமருந்தைத் திணித்துவைத்துக் கொன்று, மூங்கிலில் கட்டித் தூக்கிவந்து, தெருத்தெருவாகக் கொட்டடித்து ஆடித் தீர்த்த வருஷத்தில்தான், ஓடைக்கோம்பையில் இருந்த அத்தனை பேருக்கும், பால்பல் விழுந்து முளைத்த பிள்ளை முதல் எழுந்து நடக்கமாட்டாத கிழம் வரைக்கும், முன்பல் நாலும் வளர ஆரம்பித்தது. வனத்துறைக்காரர்கள் அதைச் சிறுத்தை என்பார்கள். நாங்கள் புலி என்றுதான் சொல்வோம். ஆட்டைப் பறிகொடுத்தவனுக்குத் தெரியாதா எது புலியென்று. மேலே ரெண்டு, கீழே ரெண்டு, நகம் வளர்கிற மாதிரி சத்தமில்லாமல், நிற்காமல் வளர்ந்தது. யாரும் பெரிதாக ஆடிப்போய்விடவில்லை. மழையே இல்லாத வருஷத்தையும் பார்த்தாயிற்று, தக்காளியை விலையில்லாமல் ரோட்டில் கொட்டின வருஷத்தையும் பார்த்தாயிற்று, பல் வளர்கிற வருஷத்தையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று இருந்தோம்.

அடிவாரத்து டாக்டர் எங்களை வரிசையாக உட்காரவைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, பாதிப் பேருக்குச் சுண்ணாம்புச்சத்து குறைவு என்றும் பாதிப் பேருக்கு அதிகம் என்றும் சொல்லி, எல்லோருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தனுப்பினார். மாத்திரை கிடக்கட்டும், ஈறு ஊறலெடுத்தது பாருங்கள், அதைத்தான் தாங்கமுடியவில்லை. அரத்தை வைத்து ராவினவன் தாடை வீங்கிச் செத்தான். பிடுங்கிப் போட்டவனுக்கு முன்னைவிட வேகமாக முளைத்தது. முற்றின மரத்தைக் கடித்தால் ஈறு கிழிந்தது, காய்ந்த கட்டையைக் கடித்தால் பல் விண்டது. மணிக்கட்டுப் பருமனில், பச்சையாக, ஓடையோரத்து நீர்மருதோ நாவலோ அத்தியோ இளங்கன்றாகக் கிடைத்து, அதன் பட்டையை உரித்து, தண்டைக் குறுக்கே கடித்துச் சாய்த்தால்தான் பல் தேய்ந்தது, ஊறல் அடங்கியது, அன்றைக்குச் சோறு இறங்கியது.

பழகிவிட்டோம். பழகாமல் என்ன செய்வது? விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னால் முழநீளத்தில் ஒரு தண்டைக் கொடுத்தோம். பெண் பார்க்கப் போன வீட்டில் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்பதெல்லாம் நின்றுபோய், ஒரு கன்றைக் கையில் கொடுத்து, பிசிறில்லாமல் கடிக்கிறாளா என்று மாமியார்கள் குனிந்து பார்த்தார்கள். அம்மனுக்குத் தேங்காய் உடைப்பது போய் கன்று கடிப்பது வந்தது. கீழேயிருந்து ரேஷன் கடைக்கு எடைபோட வருகிறவருக்குப் பல் அவ்வளவு சின்னதாக இருப்பதைப் பார்த்து, ஐயோ பாவம், இந்த மனுசனுக்கு எப்படித்தான் பெண் கொடுத்தார்களோ என்று எங்கள் வீட்டுப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அப்புறம் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தால் எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரும் யாருக்கும் சொல்லாமலே, கடித்துச் சாய்த்த தண்டுகளை இழுத்துக்கொண்டுபோய் ஓடைக்குக் குறுக்கே போட்டு, சேற்றை அள்ளி அப்பி, சத்தம் அடங்கின பிறகுதான் வீட்டுக்கு வந்தோம். ஓடை குட்டையானது. குட்டையில் கெண்டை துள்ளியது, கிணறெல்லாம் ஊறியது, மொச்சையும் அவரையும் காய்த்துக் கொட்டியது. யாரைக் கேட்டு இந்த அணையைக் கட்டினீர்கள் என்று ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து அதட்டினார். எங்களால்தான் வாயை மூட முடியாதே, எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம், அவர் ஜீப்பை அப்படியே திருப்பிக்கொண்டு போனார்.

எல்லாம் கன்று இருக்கிற வரைக்கும்தான். பெரிய மரங்கள் பெரிய மரங்களாகவே நின்றன. காற்றடித்தால் ஒன்று சாய்ந்தது, சாய்ந்த இடத்தில் வெயில் இறங்கியது, வெயிலில் விதை முளைத்தது, முளைத்தது முழங்கால் உயரம் வருவதற்குள் எவன் வாயிலோ போனது. நாற்று வாங்கி நட்டோம். வேலி போட்டோம், வேலிக்குச்சியையும் சேர்த்துக் கடித்தார்கள். காவலுக்கு ஆள் போட்டோம், காவல்காரன் தின்றான். காவலை மாற்றி மாற்றிப் போட்டோம், மாற்றி மாற்றித் தின்றார்கள். அவனவனுக்கு அவனவன் ஊறல். கடைசியில், ஊர் வழக்கைத் தீர்த்துவைக்கிற பெரியதனக்காரர் குருவையாவின் அண்ணனுக்கே கீழ்ப்பல் ரெண்டும் அண்ணத்தைத் துளைத்துக்கொண்டு ஏறி, வாய் பூட்டிக்கொண்டு, கஞ்சித்தண்ணீர்கூட இறங்காமல், கண்ணை விழித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தார். கன்று இல்லாவிட்டால் சாவு எப்படி வரும் என்று ஊர் மொத்தமும் கிட்ட நின்று பார்த்துக்கொண்டது.

எல்லோரையும்விட உற்றுப் பார்த்தவள் செம்பாயி. அவளுடைய ஒரே மகள் தர்சினி, மூன்றாவது படிக்கிற பிள்ளை, அதற்கு ஊரில் வேறு யாருக்கும் இல்லாத வேகத்தில் பல் வளர்ந்தது. காலையில் தேய்த்துவிட்டுப் போனது சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் உதட்டுக்கு வெளியே வந்து நின்றது. செம்பாயி தன் தண்டையும் மகளுக்கே கொடுத்துவிட்டு, காய்ந்த வேப்பங்குச்சியை மென்று, ஈறெல்லாம் ரத்தமாக, எனக்கொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிவாள். நகைக்கோ புடவைக்கோ அவள் ஆசைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பிள்ளையின் வாய் பூட்டிக்கொள்ளக்கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கன்றுக்கு நாயாய் அலைந்தபோதுதான், செத்த புலி குகையாக்கிக் குடியிருந்த பாறைப்பொடவுப் பக்கம் போனோம். போய்ப் பார்த்தால், ஆள் உயரத்துக்கு, கையை நுழைக்க இடமில்லாமல் நாவலும் புங்கனும் மருதுமாக நிற்கிறது. புலி செத்தது ஊருக்கே தெரியும், அதன் தோலைத் தடவிப் பார்க்காத கை கிடையாது, ஆனாலும் அந்தப் பக்கம் எங்கள் கால் போகாமலே இருந்திருக்கிறது, கால் போகாத இடத்தில் மரம் வளர்ந்திருக்கிறது. ஒருத்தன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒன்றைக் கடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் என்ன, அடுத்த அமாவாசைக்குள் அந்தச் சரிவு மொட்டையாகிவிட்டது.

குருவையா கோயில் முன்னால் ஊரைக் கூட்டினார். "கன்னு வளராததுக்கு மண்ணு காரணமில்லப்பா," என்றார். "பயம் இருந்த எடத்துல மரம் இருந்துச்சு. இப்ப நமக்குப் பயம் விட்டுப்போச்சு. நமக்கு ஒரு புலி வேணும்."

"கொன்ன புலிய எங்கிட்டுப் போயித் தேடுறது?" என்றாள் ஒருத்தி.

"தேடுவானேன். நம்மகிட்டயே ஒண்ணு இருக்கே."

எல்லோரும் செம்பாயியின் புருஷன் பவுன்ராசுவைத் திரும்பிப் பார்த்தோம். பங்குனிப் பொங்கலுக்குப் புலிவேசம் கட்டுகிற உரிமை அவன் வீட்டுக்குத்தான். மற்ற நாளில் கோழி அறுக்கக்கூட அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற ஆள், மஞ்சள் பூசிக் கறுப்புக் கோடு போட்டுவிட்டால் துள்ளுகிற துள்ளலில் பிள்ளைகள் ஒன்றுக்குப் போய்விடும். அந்த வேசத்துக்கு எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. கோடு போட்ட நேரத்திலிருந்து, ஊர் கூடித் தலையில் தண்ணீர் ஊற்றி இறக்குகிற வரைக்கும், அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, முறை சொல்லிக் கூப்பிடக்கூடாது. அவனுக்குப் பெண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது. அவன் புலி.

"எப்பத் தண்ணி ஊத்துவீக?" என்று பவுன்ராசு கேட்டான்.

"கன்னு மரமாகட்டும்," என்றார் குருவையா. "அங்கனயே இருந்துக்க. ஒனக்கு வேணுங்கறத நீ கடிச்சுக்கலாம். ஒரு ஆளு கடிச்சு காடு அழியாது."

"எம் புள்ளைக்கு?"

"ஊருப்பங்கு. எல்லாப் புள்ளைக்கும் என்னவோ அது."

பவுன்ராசு செம்பாயியைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். மறுநாள் மஞ்சள் அரைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

குட்டைக்கு அக்கரையில், நல்ல ஈரமண்ணாகப் பார்த்து ஊர்ச்செலவில் நாற்று நட்டு, அதற்கு நடுவில் பவுன்ராசுவைக் கொண்டுபோய் விட்டோம். வேசம் கட்டிவிட்டால் போதும், புலி வந்துவிடும் என்று நினைத்தோம், அப்படித்தான் எங்கள் புத்தி. கொட்டு இல்லாமல், கூட்டம் இல்லாமல், பட்டப்பகலில் மஞ்சள் பூசிக்கொண்டு ஒரு ஆள் செடிகளுக்கு நடுவில் குந்தியிருந்தால் யாருக்குப் பயம் வரும்? "என்ன பவுனு, சோறு தின்னாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நாற்றை ஒடித்தார்கள். அவன் உறுமினான், இருமல் வந்தது, சிரித்தார்கள்.

குருவையா, ஓடைக்குக் குறுக்கே நாங்கள் போட்ட அணைக்கட்டையின் மேல் ஒற்றை ஆளாக நடந்து அக்கரைக்குப் போய், அவனோடு குந்தி வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். கொல்லனிடம் சொல்லி விரலுக்கு மாட்டுகிற இரும்பு நகம் அடிக்கவைத்தார். மறுபடி நாற்று நட்டோம். தெருவில் தமுக்கடித்தார்கள். இன்றையிலிருந்து குட்டைக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது, போனால் ஊர் பொறுப்பில்லை. கேட்ட எல்லோருக்கும் புரிந்தது.

சடையாண்டிக்குக் கேட்கவில்லை. பிறவிச் செவிடு, கேட்பாரில்லாத ஒண்டிக்கட்டை. அவனுக்குத் தமுக்குச் சத்தம் கேட்காது என்பது ஊருக்கே தெரியும், கையைக் காட்டிச் சொன்னால் விளங்கிக்கொள்வான் என்பதும் தெரியும். யாரும் கையைக் காட்டவில்லை. மறுநாள் காலையில் அவன் பல்லைச் சொறிந்துகொண்டு குட்டைப் பக்கம் போனபோது வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள் செம்பாயி. அவன் எப்போதும்போல அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் விளக்குமாறை நிறுத்தாமல் பெருக்கினாள்.

அக்கரையில் நடந்ததை நாங்கள் இக்கரையில் நின்று பார்த்தோம். பவுன்ராசு கண்ணை மூடிக்கொண்டு அடித்தான், அதனால் ஒரே அடியில் முடியவில்லை. சடையாண்டிக்கு என்ன தப்புச் செய்தோம் என்றே கடைசிவரை புரியவில்லை, கடித்துக்கொண்டிருந்த நாற்றைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன் மாதிரி நீட்டிக்கொண்டே இருந்தான்.

அதற்கப்புறம் ஒரு இலை உதிரவில்லை. குட்டைக்கரையில் துணி துவைக்கிற பெண்கள்கூட அக்கரையைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு துவைத்தார்கள். நாற்று இடுப்பு உயரம் வந்தது. அதுவரைக்கும், கன்று மாதிரி பல் தேயாது என்றாலும், ஊரில் மிஞ்சியிருந்த பெரிய மரங்களில் ஏறி இளங்கொம்பாக ஒடித்து, தலைக்கு ஒரு துண்டு என்று பங்கு வைத்தோம், பல்லைக் கடித்துக்கொண்டு என்று சொல்ல முடியாது, ஆனால் பொறுத்துக்கொண்டோம். செம்பாயி உச்சிப்பொழுதில் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் அணைக்கட்டையின் அந்தக் கடைசியில் வைத்துவிட்டு, பேசாமல் திரும்பி வருவாள். மழையில் மஞ்சளும் கோடும் கரைந்து ஓடிவிட்டன. புதுக் கோடு போடப் போக ஒருவருக்கும் தைரியமில்லை. கோடு இல்லாத புலியைப் பார்க்க இன்னும் பயமாகத்தான் இருந்தது.

ஒரு துண்டுக் கொம்பு தர்சினிக்கு எந்த மூலைக்கு? மேல்பல் மோவாயை நெருங்கியது, கீழ்ப்பல் அண்ணத்தைத் தொட்டது, பிள்ளைக்குப் பேச்சு குழறியது. செம்பாயி குருவையா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, இன்னும் ஒரே ஒரு துண்டு குடுங்க. தெனமும் வேணாம், இன்னைக்கு மட்டும்."

"ஒனக்குக் குடுத்தா அடுத்தவ வரமாட்டாளா? எம் பேரனுக்கும் இதே பங்குதான் ஆத்தா," என்றார் குருவையா. அது உண்மைதான்.

அன்றைக்கு உச்சியில் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு அணைக்கட்டைக்குப் போனாள். "அங்கன உக்காந்திருக்கது யாரு?" என்று கேட்டாள்.

"புலி," என்றது பிள்ளை.

"புலியுமில்ல ஒண்ணுமில்ல. ஒங்கப்பன். போ, போயி நெறையக் கடிச்சுட்டு வா."

முறை சொல்லி, ஊர்க்கட்டுப்பாட்டை அறுத்துவிட்டாள். பிள்ளை கட்டைமேல் ஓடியது. பவுன்ராசு அதைப் பார்த்ததும் எழுந்தான், ரெண்டு எட்டு வைத்தான், அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிள்ளை வேண்டிய மட்டும் கடித்துவிட்டு, அவன் முதுகில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்துவிட்டு வந்தது. வாய் நன்றாக மூடியது. தெருவில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னது, "எங்கப்பா ஒண்ணுமே செய்யல."

மறுநாள் நாலைந்து பிள்ளைகள் போயின. அதற்கு மறுநாள் அவர்களுடைய அப்பன்மார் போனார்கள். சடையாண்டி செவிடன், அதனால்தான் மாட்டிக்கொண்டான் என்று ஒருத்தன் சொல்ல, ஆமாம் அப்படித்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பவுன்ராசு ஓடி ஓடி உறுமினான். ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் சாய்த்தார்கள். மார்பளவு நின்ற தோப்பில் கால்வாசி போய்விட்டது.

ஊர் கூடியது. "புலிக்கு மக இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு," என்றார் குருவையா. "மக இருக்கிற புலிக்கு எவன் பயப்படுவான்? நாளைக்கு உச்சிக்கு அந்தப் புள்ளையக் கூட்டிவந்து கட்டைமேல விடு செம்பாயி. ஊரு பாக்கணும்."

"அவரு செய்யமாட்டாரு," என்றாள் செம்பாயி.

"அவன் செய்யலைன்னா ஊரு செய்யும். கன்னு நிக்கணும் ஆத்தா. எங்க அண்ணன் செத்தத நீயும்தான பாத்த?"

எங்களைக் குறைசொல்ல வராதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைக்கு அண்ணத்தைத் தொடுகிற மாதிரி பல் இருந்தால் நீங்களும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பீர்கள். சடையாண்டி போனதை அவளும் பார்த்துக்கொண்டுதானே பெருக்கினாள்.

மறுநாள் குட்டைக்கரையில் நிற்க இடமில்லை. செம்பாயி மகளைக் குளிப்பாட்டி, ரெட்டைச்சடை போட்டுக் கூட்டிவந்தாள். கட்டை தொடங்குகிற இடத்தில் குருவையாவின் பெண்டாட்டி கையில் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுத்து, "சித்த பிடிங்கக்கா, சோத்த வச்சுட்டு வந்துர்றேன்," என்றாள். தூக்குவாளியோடு நடந்தாள். வழக்கமாக வைக்கிற இடத்தில் வைக்கவில்லை, தாண்டிக் கரையில் இறங்கி, அவன் எதிரில் உட்கார்ந்து, மூடியில் சோற்றை எடுத்துவைத்தாள். தண்ணீர்ச் சத்தத்தை நாங்கள்தான் அடக்கிவைத்திருந்தோமே, அவர்கள் பேசினது இக்கரைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"புள்ள பல்லு எப்படியிருக்கு?" என்றான் அவன்.

"நல்லாருக்கு. சாப்புடுங்க."

"உப்பு கொறச்சலா இருக்கு."

"மறந்துட்டேன்."

அவன் தின்று முடித்தான். பிறகு சொன்னாள், "அவள அனுப்பச் சொன்னாக. நான் வந்துருக்கேன். எல்லாருக்கும் தெரியிற மாதிரி அடிங்க. சடையாண்டிய அடிச்ச மாதிரி கண்ண மூடிக்கிட்டு அடிக்காதீக."

"என்னால ஆகாது செம்பா."

"ஆகும். நீங்க அடிக்கலைன்னா அவள அவுக அடிப்பாக. அவளே ஒங்களப் பாத்துப் பயந்தாத்தான் ஊரு பயப்படும். ஊரு பயந்தாத்தான் கன்னு நிக்கும். கன்னு நின்னாத்தான அவ வாயத் தெறந்து சோறு திங்க முடியும்."

அவன் வாளியை எடுத்து ஓரமாக வைத்தான். நகத்தை மாட்டிக்கொண்டு எழுந்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. குருவையாவின் பெண்டாட்டி பிள்ளையின் முகத்தைத் தன் முந்தானைக்குள் இழுக்கப் பார்த்தாள், குருவையா அவள் கையைத் தட்டிவிட்டார். "அது பாக்கணும்," என்றார். பிள்ளை பார்த்தது.

அன்றைக்கு ஊரில் யாரும் கொம்பு கடிக்கவில்லை, பட்டினியாகவே படுத்தோம். மறுநாள் கடித்தோம். குட்டையைத் தாண்டிப் போகலாம் என்ற நினைப்பே பிறகு ஒருவருக்கும் வரவில்லை. தோப்பு தலைக்கு மேல் எழும்பியது. பங்குனிப் பொங்கலன்று கொட்டடித்துக்கொண்டு கூட்டமாகப் போய், பவுன்ராசுவை மேட்டுப்பக்கம் ஒதுக்கிவிட்டு, தோப்போரத்தில் அளவாக வெட்டிவந்து பங்கு வைத்தபோது முதல் பங்கைத் தர்சினிக்குத்தான் கொடுத்தோம், நன்றி கெட்டவர்கள் இல்லை நாங்கள். பிள்ளை அதைப் பிசிறில்லாமல் கடித்தது. தண்ணீர் ஊற்றிப் புலியை இறக்குகிற பேச்சை அந்த வருஷம் யாரும் எடுக்கவில்லை, அடுத்த வருஷமும் எடுக்கவில்லை.

புலிக்குச் சோறு போடவேண்டியது புலிவீட்டுக்காரர்கள் கடமை. இப்போது தர்சினிதான் தூக்குவாளியைக் கொண்டுபோகிறது. கட்டையின் பாதிவரைக்கும்தான் போகும், வைக்கும், திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிடும். அது போகிற வரைக்கும் அவன் இலைகளுக்குப் பின்னால் அசையாமல் நிற்பான். ஒரே ஒரு தடவை, மெதுவாகத்தான், "தர்சினி" என்று கூப்பிட்டுப் பார்த்தான். பிள்ளை வாளியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கால் இடறி, முட்டி உரசி, தவழ்ந்தே கரையேறி வந்து எங்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டது. ஊர் மொத்தமும் நின்று பார்த்தது. அந்த வருஷம் ஒரு கன்றுகூடக் குறையவில்லை.